கூடத்து டிகோடரைப் பின்கட்டு அறையிலிருந்து இயக்க வழி என்ன?

சாட்ஸ்வொர்த் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதங்களாக எங்கள் வீட்டில் தீராமலிருக்கும் ஒரு சிக்கலுக்கு வழி தேடி இதை எழுதுகிறேன். முழு விவரத்தையும் சொன்னால்தான் பதில் சொல்பவர்களுக்கு எளிதாக இருக்கும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

82 வயதாகும் என் தாயாருக்கு, முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படியேற முடியவில்லை. டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தின் பல வீடுகளைப் போல எங்கள் வீடும் சரிவான மனையில் கட்டப்பட்டது. கூடத்திலிருந்து பின்முற்றத்துக்கு இறங்கவே ஆறு படிகள் இருக்கின்றன. ஆகவே முற்றத்துக்கு அப்பாலுள்ள அவுட்பில்டிங்கின் முன்னறையை அவருக்கென்று ஒழுங்குபடுத்தி, கட்டிலுக்கு எதிரே ஒரு டிவியையும் சுவரில் மாட்டிக் கொடுத்தோம்.

டிஎஸ்டிவி டிகோடர் (செயற்கைக்கோள் வழிச் சேனல்களைத் தரும் பெட்டி), ஆம்ப்ளிஃபையர், டிவிடி பிளேயர் ஆகிய மூன்றும் கூடத்து அலமாரியில் இருக்கின்றன. டிகோடரிலிருந்து படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ இணைப்பை ஒரு ஸ்ப்ளிட்டர் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று கூடத்து டிவிக்குப் போகிறது. மற்றொன்று, நெட்வொர்க் கேபிள் வழியாக எச்டிஎம்ஐ அனுப்பும் எக்ஸ்டெண்டர் பெட்டிகள் இரண்டின் மூலம், ஏறத்தாழ 18 மீட்டர் தள்ளியிருக்கும் அம்மாவின் டிவிக்குப் போகிறது. படமும் ஒலியும் கூடத்தில் இருப்பது போலவே தெளிவாக வருகின்றன. காலையில் லோட்டஸ் எஃப்எம் வானொலியையும் அதே டிகோடர் வழியாகத்தான் அம்மா கேட்கிறார்.

குறை ஒன்றுதான்: அங்கிருந்தபடி அவரால் சேனலை மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அழைப்பார்; என் மகன் தன் ஆயாவுக்காகக் கூடத்துக்குப் போய் மாற்றிவிட்டு, சரியான நிகழ்ச்சி வந்துவிட்டதா என்று கேட்க முற்றத்துக்கு ஓடுவான். பிள்ளை முகம் சுளிப்பதில்லை. ஆனால் பிறரைத் தொந்தரவு செய்கிறோமே என்று அம்மா கூசத் தொடங்கி, பிடிக்காத நிகழ்ச்சியையே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் கண்டேன். அன்றுதான் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று உறுதி கொண்டேன்.

ரிமோட்டின் ஒளியை வானொலி அலையாக மாற்றி அனுப்பும் கூம்பு வடிவச் சாதனங்கள் ஒரு ஜோடி வாங்கினேன். அம்மாவின் அறையில் ஒரு கூம்பு, கூடத்தில் ஒரு கூம்பு. இரண்டு வாரம் அருமையாக வேலை செய்தது. பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு பொத்தானை நான்கைந்து தடவை அழுத்தினால்தான் சேனல் மாறுகிறது. யாரும் எதையும் தொடாதபோதும் கூடத்துக் கூம்பின் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் அறையில் பழைய குழல் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி குழல் விளக்கு போட்ட பிறகு இந்தத் தொல்லை கூடியது போலத் தோன்றுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு டிவிகளும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. இரவு ஒன்பது மணிக்கு அம்மா தன் டிவியை அணைத்தால், அந்தக் கட்டளையும் கூம்பு வழியாகக் கூடத்துக்கு வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் டிவியும் அணைந்துவிடுகிறது.

சுவரை உடைக்காமல், அம்மாவின் கைக்குப் பழகிய அதே ரிமோட்டைக் கொண்டே இதைச் சரிசெய்ய முடியுமா? கைபேசியிலிருந்து இயக்கும் ஏற்பாடு அவருக்குச் சரிவராது. திரையைத் தொட்டு இயக்க அவருடைய விரல் நடுக்கம் இடம் கொடுப்பதில்லை.

*

வெருலம் டிவி மெக்கானிக் (ஓய்வு):

வணக்கம் தம்பி. நம் தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய 1976ஆம் ஆண்டிலேயே நான் இந்தத் தொழிலில் கையாளாகச் சேர்ந்தேன். ரிமோட் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றில் ரிமோட்டும் பெட்டியும் நல்ல நிலையிலேயே இருந்தன. இடையிலுள்ள வழியில்தான் கோளாறு இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று படுகிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டின் முனையிலிருந்து புறப்படுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டரை ஒட்டியிருக்கும். அது வெறுமனே எரிவதில்லை. விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. சில நிறுவனங்கள் 36,000, சில 40,000 என்று வைத்திருக்கின்றன. அந்தத் துடிப்புக் கட்டுகளின் நீளத்திலும் இடைவெளியிலும்தான் கட்டளை அடங்கியிருக்கிறது. பரவலாக உள்ள ஒரு முறையில், முதலில் 9 மில்லிவிநாடி நீளத் துடிப்பும், அதன்பின் 4.5 மில்லிவிநாடி மௌனமும் வந்து, பெட்டியில் ஒளியை வாங்கும் ரிசீவரை விழிக்கச் செய்த பிறகே கட்டளை தொடங்கும். ஒளி என்பதால் சுவரைத் தாண்டாது. தாண்ட வைக்க வேண்டுமானால், அதை வானொலி அலையாக மாற்றியோ கம்பி வழியாக மின்துடிப்பாகவோ கொண்டுபோய், அந்தப் பக்கத்தில் மறுபடியும் ஒளியாக்க வேண்டும். எந்தச் சாதனத்தை வாங்கினாலும் உள்ளே நடப்பது இதுதான்.

உங்கள் கூம்புகளில் கோளாறு இரண்டு வாசல்கள் வழியாக நுழையலாம். அம்மாவின் அறையிலுள்ள கூம்பு, எல்இடி குழல் விளக்கின் துடிப்பை ரிமோட்டின் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். குழல் விளக்குக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று விநாடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும் வேகத்தில் இயங்குவது. மலிவான விளக்குகளில் அது ஒளியிலேயே தெரியும். அல்லது, கூடத்துக் கூம்பு வேறு யாருடைய வானொலி அலையையோ பிடிக்கலாம். இத்தகைய கூம்புகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. நம் ஊரில் வாயிற்கதவு மோட்டார்களின் ரிமோட்டுகள் சில 403 மெகாஹெர்ட்ஸிலும், சில 433 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. கார்ச் சாவிகளில் பலவும் 433தான். கடைவீதிக் கார் நிறுத்துமிடங்களில் திருடர்கள் கதவு ரிமோட்டை அழுத்திக்கொண்டே நின்று, நம் கார் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே மோதல்தான் உங்கள் வீட்டில் எவருடைய தீய நோக்கமும் இல்லாமல் நடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் என்றால், அக்கம்பக்கத்தார் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அல்லவா?

எந்த வாசல் என்று கண்டுபிடிக்க ஒரு கறுப்புத் துணி போதும். கூடத்துக் கூம்பு மினுக்கும்போது, அம்மாவின் அறையிலுள்ள கூம்பைத் தடித்த துணியால் முழுவதுமாக மூடுங்கள். மினுக்கல் நின்றால் குற்றம் ஒளியில். நிற்காவிட்டால் குற்றம் வானொலி அலையில். பிறகு துணியை எடுத்துவிட்டு, குழல் விளக்கை மட்டும் அணைத்துப் பாருங்கள். சூரிய ஒளியையும் மறந்துவிட வேண்டாம். டோங்காட்டில் ஒரு வீட்டில், பிற்பகல் நான்கு மணி முதல் பொழுது சாயும் வரை ரிமோட் வேலை செய்யாது. இரண்டு பெட்டிகளை மாற்றிய பிறகுதான் என்னை அழைத்தார்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக ரிசீவரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டதும் சரியாகிவிட்டது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு வரி. எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் பெட்டிகள் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன என்கிறீர்கள். அவற்றின் பின்புறத்தையும் பக்கங்களையும் விளக்கடித்துப் பாருங்கள். ஹெட்ஃபோன் செருகுவது போன்ற 3.5 மில்லிமீட்டர் துளைகள் இருந்தால், உங்களுக்கு வேண்டிய கம்பி வழி ஏற்கெனவே முற்றத்தைக் கடந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட பெட்டிகளோடு இரண்டு மெல்லிய வயர்களும் வந்திருக்கும்: ஒன்றின் முனையில் ரிமோட்டின் ஒளியை வாங்கும் கண், மற்றதன் முனையில் ஒளியை உமிழும் எமிட்டர். கண்ணை அம்மாவின் டிவி பக்கத்துப் பெட்டியிலும், எமிட்டரைக் கூடத்துப் பெட்டியிலும் செருக வேண்டும். இரண்டின் செருகியும் ஒரே அளவில் இருப்பதால் பலர் மாற்றிச் செருகிவிட்டு, வேலை செய்யவில்லை என்று டப்பாவிலேயே போட்டுவிடுகிறார்கள். செருகியை உற்றுப் பாருங்கள்: உலோகத் தண்டில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் பெரும்பாலும் அது கண்; ஒரே வளையம் இருந்தால் எமிட்டர். கண்ணுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் அதற்கு ஓர் இணைப்பு கூடுதலாக இருக்கிறது.

எமிட்டரை டிகோடரின் முகப்பில், அதன் ரிசீவருக்கு நேர் மேலே ஒட்ட வேண்டும். ஒரு விரல் அகலம் தள்ளிப் போனாலும் பிடிக்காது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு குமிழ் தெரியும், அதுதான் இடம். ஒட்டிய பின் மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒளி வெளியே கசியாது. ஆகவே அம்மா தன் டிவியை அணைத்தாலும் கூடத்து டிவிக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் இரண்டாவது தொல்லையும் அதோடு தீரும்.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மென்பொருளாளர்:

வணக்கம் அண்ணா. ஐயா சொன்ன கம்பி வழியை முதலில் முயலுங்கள். அது கைகூடாவிட்டால், அல்லது எக்ஸ்டெண்டரில் அந்தத் துளைகள் இல்லாவிட்டால், வைஃபை வழியாகவும் அம்மாவின் ரிமோட்டை மாற்றாமலேயே செய்யலாம். என் தந்தையாருக்கு நான் செய்து கொடுத்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

கடைகளில் கிடைக்கும் வைஃபை அகச்சிவப்புச் சாதனங்கள் பெரும்பாலும் கைபேசிச் செயலியை நம்பியே இருக்கின்றன. கட்டளை நம் வீட்டிலிருந்து வெளிநாட்டுச் சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் வகையும் உண்டு. இணையம் இல்லாத நேரத்தில் அது ஊமையாகிவிடும். பல வீடுகளில் விரும்பி வைத்திருந்த லாஜிடெக் ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பும் 2021ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. வயதானவர் ஒருவர் பல ஆண்டுகள் நம்பியிருக்கப்போகும் பொருளை, வேறொருவருடைய சர்வரில் கட்டி வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே நான் இஎஸ்பி32 என்ற, வைஃபை கொண்ட சிறு மின்னணுப் போர்டுகள் இரண்டை வாங்கினேன். தந்தையாரின் அறையிலுள்ள போர்டில் மூன்று கால்கள் கொண்ட அகச்சிவப்பு ரிசீவர். கூடத்துப் போர்டில் ஒரு டிரான்சிஸ்டரும் அகச்சிவப்பு எல்இடியும். ஈஎஸ்பிஹோம் என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் ஏற்றி, வீட்டுக்குள்ளேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுச் சாதனக் கட்டுப்பாட்டு மென்பொருளோடு இணைத்தேன். அவர் தன் பழைய ரிமோட்டையே அழுத்துகிறார். போர்டு அதைப் படித்து, அது டிகோடரின் குறியீடாக இருந்தால் மட்டும் கூடத்துக்கு அனுப்புகிறது. டிவியின் குறியீடாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுகிறது. ஒரே நிறுவனத்தின் டிவிகள் இரண்டு இருக்கும் உங்கள் வீட்டுக்கு இது பொருந்தும். கம்பி வழியில் எல்லாக் கட்டளையும் கண்மூடித்தனமாகப் போகும். இதில் எது போக வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். முழுக் குறியீடும் வந்து சேர்ந்த பிறகே போர்டு அதை அனுப்பும் என்பதால், ஒரு கணம் தாமதமாகும். ஐயா சொன்ன 9 மில்லிவிநாடித் துடிப்பு முறையில் ஒரு கட்டளை முடியவே 67.5 மில்லிவிநாடி ஆகிறது. அதற்கு மேல் வைஃபையின் நேரம். ஒரு பொத்தானைத் தட்டுவதற்கு இது பொருட்டே அல்ல. ஆனால் நிகழ்ச்சிப் பட்டியலில் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வேகமாக இறங்கும்போது தடுமாறும். மேலும், இந்தப் போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரூட்டரில் அது திறந்திருக்க வேண்டும். லோட் ஷெடிங் காலத்தில் வாங்கிய மினி யூபிஎஸ் உங்களிடம் இருந்தால், ரூட்டரை அதிலேயே விட்டுவையுங்கள்.

எச்டிஎம்ஐ வழியாகவே கட்டளை திரும்பி வராதா என்று யாரேனும் கேட்கக்கூடும். எச்டிஎம்ஐ இணைப்பின் 13ஆம் ஊசி அதற்கென்றே ஒதுக்கப்பட்டது, சிஇசி என்பார்கள். டிவியின் ரிமோட்டாலேயே இணைத்த பெட்டிகளை இயக்க அது உதவும். ஆனால் உங்கள் அமைப்பில் நடுவே ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு இரண்டு டிவிகள் ஒரே நேரத்தில் கட்டளையிட்டால் குழப்பம் என்பதால், பல ஸ்ப்ளிட்டர்கள் அந்த ஊசியை இரண்டாவது வெளியீட்டில் இணைப்பதே இல்லை. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

*

சாட்ஸ்வொர்த் வாசகர்:

ஐயாவுக்கும் தங்கைக்கும் மனமார்ந்த நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலையாக இருந்தேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

துணிச் சோதனையில் இரண்டு வாசலும் திறந்திருப்பது தெரிந்தது. பகலில், அம்மாவின் அறையில் குழல் விளக்கை ஏற்றினால் மினுக்கல் தொடங்குகிறது. கூம்பைத் துணியால் மூடினால் நின்றுவிடுகிறது. ஆனால் மாலை ஐந்தரைக்கு, துணி மூடியிருந்தபோதே, பக்கத்து வீட்டுக் கதவு நகரும் ஓசையோடு கூடவே கூடத்துக் கூம்பு விட்டுவிட்டு மினுக்கியது. என் மகனைத் தெருவில் நிறுத்திப் பார்த்தேன். அவன் கை உயர்த்திய ஒவ்வொரு முறையும் மினுக்கல் பொருந்தி வந்தது.

எக்ஸ்டெண்டர் பெட்டிகளை அலமாரியிலிருந்து இழுத்துத் திருப்பியபோது, ஐயா சொன்ன துளைகள் இரண்டு பெட்டியிலும் இருந்தன. வாங்கிய டப்பாவைத் தேடி எடுத்தால், அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு வயர்கள் பிரிக்கப்படாமலேயே கிடந்தன. பெட்டிகளைப் பொருத்த வந்தவர் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆறு மாதமாக அம்மா தயங்கித் தயங்கித் தொலைபேசியில் அழைத்ததை நினைத்தபோது நெஞ்சு கனத்துவிட்டது.

செருகியிலிருந்த வளையங்களை எண்ணிப் பார்த்தே செருகினேன். எமிட்டரை ஒட்டும் முன் கைபேசிக் கேமராவில் பார்த்தேன். பின்பக்கக் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை; முன்பக்கக் கேமராவில், அம்மா அங்கே பொத்தானை அழுத்தியதும் இங்கே எமிட்டரின் முனையில் ஊதா நிறப் புள்ளி ஒன்று படபடவென்று துடித்தது. 18 மீட்டருக்கு அப்பாலிருந்து அவர் விரல் அசைவதை நேரில் பார்த்தது போலிருந்தது.

ஆனாலும் முழு வெற்றி இல்லை. குழல் விளக்கு எரியும்போது, பத்தில் மூன்று முறை கட்டளை தவறுகிறது. விளக்கை அணைத்தால் ஒன்றுகூடத் தவறுவதில்லை. கண்ணைத் தற்போது டிவியின் மேல் விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். விளக்கை மாற்றுவதா, கண்ணை மாற்றுவதா?

*

லெனேசியா வாசகர்:

நண்பருக்கு வணக்கம். விளக்கைப் பற்றி ஐயா சொல்வார். நான் வேறொன்றை நினைவூட்ட வருகிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

உங்கள் நெட்வொர்க் கேபிள் திறந்த முற்றத்தைக் கடந்து, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிறது. அது செம்புக் கம்பி. கோடையில் பிற்பகல்தோறும் இடி இடிக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலப் பகுதியில் வாழ்பவன் என்பதால், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மின்னல் நேராகக் கேபிளில் விழ வேண்டியதில்லை. அருகில் எங்கேனும் விழுந்தாலே போதும், இரண்டு கட்டடங்களின் நில இணைப்புகளுக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு அந்தக் கம்பி வழியாகப் பாயும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் அப்படித்தான் நடந்தது: கராஜுக்கு மேல் அறைக்குப் போட்டிருந்த கேபிளின் இரு முனைப் பெட்டிகளும், அவற்றோடு இணைந்திருந்த டிவியின் எச்டிஎம்ஐ துளையும் ஒரே நொடியில் போயின. டிவி மின்சாரத்திலிருந்து கழற்றப்பட்டே இருந்தது. அம்மின்னோட்டம் கேபிள் வழியாகத்தான் வந்தது.

ஆகவே கேபிளின் இரு முனையிலும் நெட்வொர்க் கேபிளுக்கான சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்தத்திலிருந்து காக்கும் சாதனம்) வைத்து, அந்தந்தக் கட்டடத்தின் நில இணைப்போடு முறையாக இணைக்கச் சொல்லுங்கள். இதைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். சாதனத்தை வாங்கும்போது, உங்கள் எக்ஸ்டெண்டரின் வேகத்துக்கு அது பொருந்துமா என்று கேட்டே வாங்குங்கள். பொருந்தாத புரொடெக்டர் படத்தையே கெடுத்துவிடும். மின்கம்பி போகும் அதே குழாய்க்குள் நெட்வொர்க் கேபிளை நுழைத்திருந்தால், உடனே பிரித்துவிடுங்கள். வெளியே கிடக்கும் கேபிள், வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை கொண்ட வகையா என்றும் பாருங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை, வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெடித்துவிடும்.

இன்னொன்று. கூடத்தில் ஒரு நிகழ்ச்சியும் அம்மாவின் அறையில் வேறொரு நிகழ்ச்சியும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால், ஒற்றை டிகோடரில் எந்த ரிமோட் ஏற்பாட்டாலும் முடியாது. அம்மா சேனலை மாற்றும்போதெல்லாம் உங்கள் படமும் மாறும். டிஎஸ்டிவியின் எக்ஸ்ட்ராவியூ, கூடுதல் மாதக் கட்டணத்தில், ஒரே சந்தாவின் கீழ் இன்னொரு டிகோடரை இணைத்துக்கொள்ள இடம் தருகிறது. இரண்டாவது டிகோடர் அம்மாவின் அறையிலேயே இருந்துவிட்டால், சேனல் மாற்றுவதற்கு இத்தனை வேலையும் தேவைப்படாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

*

வெருலம் டிவி மெக்கானிக் (ஓய்வு):

லெனேசியா நண்பர் சொன்ன மின்னல் எச்சரிக்கையை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். டர்பன் பக்கமும் இடி குறைந்த ஊர் அல்ல. தம்பி, அதை அப்படியே செய்துவிடுங்கள். புரொடெக்டர் வரும்வரை, மேகம் கூடும்போதே, இடி தொடங்கும் முன்பே நெட்வொர்க் கேபிளை இரு முனையிலும் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. அம்மாவின் பக்கத்தில் அதை நீங்களோ மகனோதான் செய்ய வேண்டும்.

இரண்டாவது டிகோடரைப் பற்றி மட்டும் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. அம்மா பார்ப்பது பெரும்பாலும் பகலில், நீங்கள் பார்ப்பது இரவில் என்றால், ஒரே டிகோடர் போதுமானது. அதற்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டியதில்லை. கூடத்திலுள்ள டிவிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் அம்மாவுக்கு வேண்டுமென்றால், இரண்டாவது டிகோடர் அதற்கு உதவாது. கம்பி வழி உதவும்.

விளக்கு, கண் இரண்டில் முதலில் கண்ணையே மாற்றுங்கள். டிவியின் மேல் விளிம்பில் இருப்பதால் கூரையிலுள்ள குழல் விளக்கை அது நேராகப் பார்க்கிறது. டிவியின் அடியில், கீழ்நோக்கிச் சற்றே சாய்த்து ஒட்டினால், டிவியே அதற்குக் குடையாகும். கட்டிலிலிருந்து வரும் ரிமோட்டின் ஒளியோ கீழிருந்து வருவதால் தடைபடாது. அதற்கும் கேட்காவிட்டால், கறுப்புத் தாளைச் சுண்டுவிரல் பருமனில் குழலாகச் சுருட்டி, ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டி, கண்ணின் மேல் மாட்டுங்கள். குழலின் வாய் தலையணையைப் பார்த்திருக்கட்டும். இத்தகைய ரிசீவர்களுக்குள், இரைச்சல் தொடர்ந்து வந்தால் தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும் சுற்று ஒன்று உண்டு. விளக்கு எரியும்போது கட்டளை தவறுவது அதனால்தான். இரைச்சலை மறைத்துவிட்டால் பழைய கூர்மை திரும்பிவிடும். இதெல்லாம் செய்தும் தவறினால், வேறொரு குழல் விளக்கை வாங்கிப் பாருங்கள். வாங்கும் முன், கடையில் எரியும் விளக்கைக் கைபேசிக் கேமராவில் காட்டுங்கள். பட்டை பட்டையாகத் திரையில் ஓடும் விளக்கை எடுக்க வேண்டாம். அது எல்லாத் துடிப்பையும் காட்டிவிடாது என்றாலும், மிக மோசமானவற்றை விலக்க உதவும்.

*

சாட்ஸ்வொர்த் வாசகர்:

கண்ணை டிவியின் அடிக்கு மாற்றியதிலேயே முக்கால் பங்கு சரியாகிவிட்டது. தாள் குழல் போட்ட பிறகு, விளக்கு எரிந்தபடியே ஐம்பது முறை அழுத்திப் பார்த்தோம், ஒன்றும் தவறவில்லை. முதல் குழலை நீளமாக வெட்டிவிட்டதால், அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோது பிடிக்கவில்லை. பாதியாகக் குறைத்ததும் கட்டிலின் இரு ஓரத்திலிருந்தும் பிடிக்கிறது. கூம்புகள் இரண்டையும் கழற்றிவிட்டேன். எமிட்டரின் மேல் கறுப்பு டேப் இரண்டு சுற்று ஒட்டியிருக்கிறேன். நேற்றிரவு அம்மா ஒன்பது மணிக்குத் தன் டிவியை அணைத்தபோது கூடத்து டிவி அசையவில்லை.

அவருடைய ரிமோட்டில் வேண்டாத பொத்தான்களின் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, சேனலை ஏற்றி இறக்கும் பொத்தானை மட்டும் சிவப்பு நகப்பூச்சால் குறித்துக் கொடுத்தாள் என் மனைவி. இன்று காலை லோட்டஸ் எஃப்எம்மிலிருந்து தமிழ்ச் சேனலுக்குத் தானாகவே மாற்றிக்கொண்டு, தேநீர் கொண்டுபோன மகனிடம் அதை இரண்டு முறை செய்து காட்டினாராம்.

நெட்வொர்க் கேபிளைச் சோதித்தேன். அது மின்குழாய்க்குள் இல்லை. ஆனால் சாம்பல் நிற உறைதான், கூரை ஓரத்தில் வெயில் படும் இடத்தில் ஏற்கெனவே வெளுத்திருக்கிறது. கறுப்பு உறை கேபிளும் புரொடெக்டர்களும் போட எலக்ட்ரீஷியன் அடுத்த சனிக்கிழமை வருகிறார். டிவிடி பிளேயருக்கும் சேர்த்து, ஒரே செருகியில் இரண்டு தலை கொண்ட எமிட்டர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஐயா, அந்த எக்ஸ்டெண்டர் பெட்டி இரண்டு எமிட்டர்களுக்கும் போதுமான மின்னோட்டம் தருமா என்பதை மட்டும் நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

*

வெருலம் டிவி மெக்கானிக் (ஓய்வு):

இரண்டு தலை எமிட்டர் பெரும்பாலும் தாங்கும். இரண்டு தலையையும் செருகி, முன்பக்கக் கேமராவில் பாருங்கள். ஒற்றைத் தலை இருந்தபோது தெரிந்த அளவு ஒளி இரண்டிலும் தெரிந்தால் போதும். மங்கலாக இருந்தால், ஒளி உமிழும் முனை ரிசீவரைத் தொடும்படி நெருக்கி ஒட்டுங்கள். அதற்கும் போதாவிட்டால், எமிட்டர்களுக்கென்று தனியாக மின்சாரம் கொடுக்கும் சிறு இணைப்புப் பெட்டி கிடைக்கும்; அதன் உள்ளீட்டில் எக்ஸ்டெண்டரின் வயரைக் கொடுத்து, வெளியீட்டில் டிகோடர், டிவிடி, ஆம்ப்ளிஃபையர் மூன்றுக்கும் தனித்தனி எமிட்டர் மாட்டிக்கொள்ளலாம்.